பூஜையறை வெள்ளி ரூபாய்

நம்மில் பலரது பூஜையறைப் பேழையில் விக்டோரியா மகாராணியார், ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் உருவம் பொறித்த வெள்ளி ரூபாய்கள் திருமகளின் அம்சமாகப் போற்றப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் அது பாதியாகக் குறைந்தது.

சேகரிப்போர் பழைமையை மட்டும் நோக்குவதில்லை. 1862 என்று பொறித்த ரூபாய் பல ஆண்டுகள் தொடர்ந்து அச்சிடப்பட்டதால் எளிதில் கிடைக்கிறது. 1939 ரூபாயோ மிக அரிது. 1911 ரூபாயில் மன்னர் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தோன்றி எதிர்ப்பெழ, மறு ஆண்டே உருவம் திருத்தப்பட்டது. அதற்கும் தனி மதிப்புண்டு.

அடுத்தது நாணயத்தின் நிலை. காசுமாலைக்காகத் துளையிட்டவையும் வளையம் பற்றவைத்தவையும் மதிப்பிழக்கும். பண்டிகைக்கு முன் புளியும் திருநீறும் இட்டுத் தேய்ப்பதும் அத்தகையதே. பளபளப்பு வரும், ஆனால் நுண்கீறல்கள் விழும், காலம் தந்த இயல்பான நிறம் போய்விடும். போனது மீளாது.

ஆகவே, தேய்ந்த நாணயமொன்றை வழிபாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் துலக்காமல், விளிம்பைப் பிடித்தெடுத்து, தனித்தனி உறையில் இடுங்கள். உருக்கக் கொடுக்குமுன் ஆண்டைப் பாருங்கள். முன்னோர் அளித்த செல்வம் பேரப்பிள்ளைகளிடம் முழுமையாய்ச் சேரட்டும்.