ஒத்திசைவும் காப்புப் படியும்

எழுத்தைப் போற்றும் மக்கள் படியெடுத்தலையும் போற்றுதல் இயல்பு. ஓலை செல்லரிக்கும், நீரில் நனையும், நெருப்பில் வேகும். ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுதலை நம் முன்னோர் ஒரு கடமையாகவே கொண்டனர். அங்ஙனம் பெயர்த்தெழுதப்பெற்ற நூல்களே இன்று நம் கைக்கு எட்டின. ஏனையவற்றுட் பல பெயரளவில் நிற்கின்றன. இக்காலத்து நாம் ஓலையை விடுத்துக் கணினியில் எழுதுகின்றோம். ஆய்வுரை, குறிப்பு, நிழற்படம், கணக்கு ஆகிய யாவும் ஒரு சிறு வட்டினுள் அடங்கிக் கிடக்கின்றன. ஏடு மாறிற்று; அழிவு பற்றிய அச்சம் மாறவில்லை. இக்கோப்புகளை ஒரு கணினியினின்று மற்றொன்றிற்குக் கட்டளை வரியின் வாயிலாகப் படியெடுத்துக் காக்கும் முறையையும், அதன்கண் நேரும் பிழைகளையும், அவற்றைக் கண்டு களையும் வழிகளையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

"படியெடுத்து வைத்தோம், இனி யாதும் அஞ்ச வேண்டா" என்று கூறுவாரைப் பலகாலும் காண்கின்றோம். அக்கூற்று எத்துணை உறுதியற்றது என்பதை ஜப்பான் நாட்டுக் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததொன்று காட்டும். 2021 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14 முதல் 16 வரை, அப்பல்கலைக்கழகத்து மீக்கணினியிலிருந்து ஏறத்தாழ 77 டெராபைட்டு அளவினவாகிய 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுவினர் இழப்பெய்தினர். அவருள் 4 குழுவினருடைய கோப்புகளை மீட்டல் இயலாதாயிற்று. அழித்தது நச்சு நிரலன்று, பகைவருமல்லர். காப்புப் படியெடுத்தற்கென்றே அமைந்த நிரல்தான் அழித்தது. பழைய பதிவுக் கோப்புகளை நீக்கும் பகுதியொன்று அதனுள் இருந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே அதன் திருத்திய வடிவத்தை அதன்மேல் எழுதிவிட்டனர். பாஷ் என்னும் கட்டளைமொழி நிரலை முற்றும் படித்து முடித்த பின்னர் ஓட்டுவதன்று. படிக்கப் படிக்க ஓட்டுவது. ஆகவே அது புதிய வரிகளை நடுவிலிருந்து படிக்கத் தொடங்கிற்று. எந்த உறையைத் துப்புரவு செய்வதென்று குறிக்க வேண்டிய மாறி வெறுமையாய் நின்றது. பதிவுகளுக்குப் பதிலாக ஆய்வாளர் கோப்புகளே துடைக்கப்பட்டன. காவலனே கள்வனாயினாற் போன்றது இது.

ஆகவே முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். ஒத்திசைவு என்பது வேறு. பேக்கப் எனப் பலரும் வழங்கும் காப்புப் படி என்பது வேறு. இரண்டு இடங்களிலுள்ள கோப்புகளை ஒன்றுபோல் ஆக்குதல் ஒத்திசைவு. முன்பு இருந்த நிலையைப் பின்பு வேண்டும்பொழுது மீளப் பெறுமாறு வைத்தல் காப்புப் படி. ஒத்திசைவு கண்ணாடியை ஒக்கும். முகம் மலர்ந்தால் மலர்ச்சியைக் காட்டும். முகத்திற் கறை படிந்தால் கறையையே காட்டும். காலையில் நாம் ஆய்வுரையின் ஓர் இயலைத் தவறி அழித்தோமாயின், மாலையில் நிகழும் ஒத்திசைவு அவ்வழிவை மற்றைக் கணினிக்கும் செவ்வனே கொண்டு சேர்க்கும். கருவி பழுதின்றித் தன் தொழிலைச் செய்தது. நாமோ எஞ்சியிருந்த ஒரு படியையும் இழந்தோம். கருவியின் குறையெனப் பலர் நொந்துகொள்வனவற்றுட் பல, இவ்வேறுபாட்டை உணராமையால் விளைந்தனவே.

இப்பணிக்கு லினக்ஸ், யூனிக்ஸ் வகைக் கணினிகளிற் பெரிதும் வழங்குங் கருவி 'ஆர்சிங்க்' என்பது. ஆஸ்திரேலிய நாட்டினராகிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் என்னும் இருவர் அதனை இயற்றி 1996 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியிட்டனர். டிரிட்ஜெல் அதன் நுட்பத்தை 1999 இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அளித்த தம் முனைவர் பட்ட ஆய்வுரையில் விரித்துரைத்துள்ளார்.

அந்நுட்பம் அறிந்து இன்புறத்தக்கது. ஒரு நூலின் படிகள் இரண்டு ஊர்களில் இருப்பனவாகக் கொள்வோம். முதலூர்ப் படியிற் சில திருத்தங்கள் செய்யப்பட்டன; இரண்டாமூரில் உள்ளது பழைய படி. முழு நூலையும் அனுப்பாது திருத்தத்தை மட்டும் அனுப்புவது எங்ஙனம்? எவை திருத்தங்கள் என்றறிய இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். பார்ப்பதற்கோ ஒன்றை அனுப்பியே ஆதல் வேண்டும். இச்சிக்கலை அவர் அவிழ்த்த முறை வருமாறு: பழைய படியை உடைய கணினி அதனைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு அடையாள எண்களைக் கணித்து அனுப்பும். ஒன்று விரைவிற் கணிக்கத்தக்க சிறிய எண். மற்றொன்று எளிதிற் பிழைபடாத பெரிய எண். புதிய படியை உடைய கணினி தன் கோப்பின் ஒவ்வொரு பைட்டிலிருந்தும் தொடங்கி, அதே அளவுள்ள துண்டின் சிறிய எண்ணைக் காணும். ஓரிடம் நகருந்தோறும் முற்றும் புதிதாகக் கணிக்க வேண்டா. வெளியேறும் பைட்டைக் கழித்து உட்புகும் பைட்டைக் கூட்டினாற் போதும். சிறிய எண் பொருந்தியவழிப் பெரிய எண்ணையும் ஒப்பிடும். இரண்டும் பொருந்துமாயின், 'உன்னிடத்துள்ள இத்தனையாவது துண்டு' என்னுங் குறிப்பு மட்டும் செல்லும். பொருந்தாவிடத்து எழுத்துகளே செல்லும். இதனால், நூலின் தொடக்கத்தில் ஒரு சொல் புகுந்து, அதன் பின்னுள்ளன யாவும் இடம் பெயர்ந்தபோதும், மாறாத பகுதிகள் இனங்கண்டு கொள்ளப்படும்.

எனினும் ஒவ்வொரு கோப்பையும் இங்ஙனம் ஆராய்ந்தாற் காலம் மிகும். ஆகவே ஆர்சிங்க் முதலிற் கோப்பின் அளவையும், அது இறுதியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும். இரண்டும் ஒத்தால் அக்கோப்பைத் தொடாது செல்லும். பிழைகளுட் சில இவ்விடத்தே பிறக்கின்றன.

"மாற்றமொன்றும் இல்லாதபோதும் நாள்தோறும் எல்லாக் கோப்புகளும் மீண்டும் செல்கின்றனவே" என்பது பலருடைய முறையீடு. நேரத்தைக் காக்கும் குறியை இடாது படியெடுத்தால், படியெடுத்த நேரமே படியிற் பதியும். மறுநாள் மூலமும் படியும் வேறாகத் தோன்றும். 'ஆர்க்கைவ்' என்னும் குறி நேரம், உரிமை முதலியவற்றைக் காத்து இக்குறையைப் போக்கும். அதன்பின்னும் குறை நீங்கவில்லையெனின், படி செல்லும் வட்டு 'ஃபேட்' என்னும் பழைய அமைப்பினதோ என நோக்குக. பென்டிரைவுகள் பலவும் இவ்வமைப்பின. அது திருத்திய நேரத்தை இரண்டிரண்டு நொடியாகவே குறிக்கவல்லது. ஒற்றைப்படை நொடியில் திருத்திய கோப்பு ஆண்டு ஒரு நொடி வேறுபட்டு நிற்கும். 'மாடிஃபை விண்டோ' என்னும் குறிக்கு 1 என மதிப்பளித்தால் அவ்வேறுபாடு பொறுக்கப்படும். காரணத்தை ஊகித்து அலைய வேண்டுவதில்லை. 'ஐட்டமைஸ் சேஞ்சஸ்' என்னும் குறி, வேறுபட்டது அளவோ நேரமோ உரிமையோ என்பதைக் கோப்புதோறும் ஓரெழுத்தாற் காட்டும். இதற்கு மறுதலையாக, அளவும் நேரமும் ஒத்திருப்பவே உள்ளடக்கம் சிதைந்திருத்தலும் கூடும். 'செக்சம்' என்னும் குறி இரு பக்கத்துக் கோப்புகளையும் முழுவதும் படித்து அதனை வெளிப்படுத்தும். அது மெல்ல நடப்பதாகலின் அவ்வப்போது செய்தல் அமையும்.

இரண்டாவது பிழை ஒரு சிறு கோட்டால் வருவது. மூல உறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டால், அவ்வுறையின் உள்ளடக்கம் செல்லும். இடாவிடில் உறையே செல்லும். இதனோடு 'டிலீட்' என்னும் குறியும் சேருமாயின் இடர் பெரிதாகும். மூலத்தில் இல்லாதவற்றைப் படியிலிருந்து நீக்குக என்பது அக்குறியின் பொருள். 'ஆய்வுரை' என்னும் உறையைச் சாய்கோட்டுடன் எழுதி, காப்பு வட்டின் தலைமை உறையையே செல்லுமிடமாகக் குறித்து, டிலீட் குறியும் இட்டவர், அவ்வட்டிலிருந்த பிறவெல்லாவற்றையும் நீக்குமாறு தாமே ஆணையிட்டவராவர்.

மூன்றாவது, வட்டு இணைக்கப்படாமை. வெளிவட்டொன்று கணினியில் இணைந்து நிற்கும் இடம், வட்டு இல்லாதபோது வெற்றுறையாகக் காட்சியளிக்கும். செல்லுமிடம் அங்ஙனம் வெறுமையாயின், படிகள் கணினியின் சொந்த வட்டிலேயே குவிந்து அதனை நிரப்பும். மூலம் வெறுமையாயின், ஆர்சிங்க் அவ்வெறுமையை உண்மையென நம்பி, டிலீட் குறியின்படி காப்புப் படி முழுவதையும் நீக்கும். ஆகவே வட்டு இணைந்துள்ளதா என முன்னர்ச் சோதித்த பின்னரே தொடங்குமாறு நிரலை அமைத்தல் வேண்டும். 'மேக்ஸ் டிலீட்' என்னும் குறியால் ஒருமுறையில் நீக்கத்தக்க கோப்புகளுக்கு எல்லை வகுத்தலும் நன்று. எல்லாவற்றினும் மேலாக 'டிரை ரன்' என்னும் குறி உள்ளது. அது யாதொன்றையும் மாற்றாது, மாற்றப்போவனவற்றை மட்டும் சொல்லும். புதிய கட்டளை எதனையும் முதலில் இக்குறியோடு ஓட்டிப் பார்த்தல் அறிவுடைமை.

நான்காவது பிழை தமிழில் எழுதுவார்க்குச் சிறப்பாக உரியது. 'தொகை' என்னும் பெயரையுடைய கோப்பொன்றைக் கொள்க. யூனிகோடு முறையில் 'தொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாகிய இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வேறு. மாக் கணினிகளிற் பல ஆண்டுகள் வழங்கிய 'எச்.எப்.எஸ். பிளஸ்' என்னும் வட்டமைப்பு, பெயர்களைப் பிரித்தே பதியும். லினக்ஸ் கொடுத்தவாறே பதியும். ஆகவே இவ்விரண்டிற்குமிடையே ஒத்திசைவு செய்வார், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கக் கண்டு திகைப்பர். 'ஐகான்வ்' என்னும் குறி பெயர்களை ஒருமுறைப்படுத்தி இதனைத் தீர்க்கும். இன்னும் ஒன்று: லினக்ஸின் வழக்கமான வட்டமைப்புகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட்டு வேண்டும். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளால் ஆயதாகலின் 15 பைட்டு கொள்ளும். ஆகவே 85 குறிகளுக்கு மேல் நீண்ட தமிழ்ப் பெயர் ஆண்டு ஏலாது. விண்டோஸின் 'என்.டி.எப்.எஸ்.' அமைப்போ ஒரு தமிழ்க் குறியை ஒன்றாகவே எண்ணி 255 வரை ஏற்கும். அங்குக் குறையின்றி விளங்கிய நீண்ட தலைப்பு, இங்கு வரும்பொழுது 'பெயர் மிக நீண்டது' என்று தள்ளுண்ணும். பெயரைச் சுருக்குதலே இதற்கு மருந்து.

ஐந்தாவது, தொலைவிலுள்ள கணினியோடு பேசுங்கால் வருவன. ஆர்சிங்க் இரு பக்கத்துக் கணினிகளிலும் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். 'உன் ஷெல் தூயதா?' என்னும் கருத்துடைய செய்தி தோன்றின், தொலைக்கணினி நுழைந்தவுடன் வாழ்த்துரை போன்ற ஏதோவொன்றை அச்சிடுகின்றதென்று அறிக. இரு கருவிகளும் தமக்குள் பேசும் வழியில் அவ்வேற்றுச் சொற்கள் புகுந்து குழப்பும். அவற்றை நீக்கினால் உரையாடல் செவ்வைப்படும். கையால் ஓட்டும்போது நன்கு நடந்த கட்டளை, குறித்த நேரத்தில் தானே ஓடச்செய்யும் 'கிரான்' வாயிலாக நடவாதொழிவதும் உண்டு. நம் அமர்விலுள்ள வழிக்குறிப்புகளும், திறந்து வைத்த கடவுத் திறவுகோலும் கிரானுக்குத் தெரியாமையே காரணம். முழு வழியையும் எழுதித் தருதலும், அப்பணிக்கு மட்டும் உரியதாய் அளவுபட்ட உரிமையுடைய தனித் திறவுகோல் அமைத்தலும் இதனைத் தீர்க்கும். மேலும், ஆர்சிங்க் முடியுந்தோறும் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 எனின் முற்றும் நிறைவு. 23 எனின் சில கோப்புகள் பிழையாற் செல்லவில்லை. 24 எனின் சில கோப்புகள் இடையே மறைந்தன. அவ்வெண்ணை நோக்காத நிரல், குறைப்படியையும் நிறைபடியென்றே கொள்ளும்.

இனி, ஒத்திசைவுக் கருவியைக் கொண்டே உண்மையான காப்புப் படியை ஆக்குமாறு காண்பாம். 'லிங்க் டெஸ்ட்' என்னும் குறியால் நாளொன்றுக்கு ஓர் உறை வைக்கலாம். ஒவ்வோர் உறையும் முழுப் படிபோல் தோன்றும். ஆயினும் மாறாத கோப்புகள் மீண்டும் எழுதப்படாது, முன்னாளைய கோப்போடு பிணைக்கப்படும். இடம் சிறிதே செல்லும். நேற்றைய நிலையும் சென்ற வாரத்து நிலையும் தனித்தனியே நிற்கும். ஆயின் பிணைக்கப்பட்டன யாவும் வட்டில் ஒரே பொருளாகலின், அவ்வட்டுப் பழுதுற்றால் எல்லா நாட்படிகளும் ஒருங்கே கெடும். இது கருதியே, படிகள் 3, அவை தங்கும் சாதனவகை 2, அவற்றுள் வேற்றிடத்து இருப்பது 1 என்னும் நெறியை அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பினார்.

இவையெல்லாம் அமைந்தும் ஒன்று குறைந்தால் யாவும் பயனிலவாம். 2017 ஆம் ஆண்டு ஜனவரி 31 இல், கிட்லேப் என்னும் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர், ஒரு கணினி எனக் கருதி மற்றொன்றில் கட்டளையிட்டு, ஏறத்தாழ 300 கிகாபைட்டுத் தரவுத்தளத்தை அழித்தார். நாள்தோறும் காப்புப் படி எடுக்கப்படுவதாகவே அனைவரும் எண்ணியிருந்தனர். தேடியபோது படி இல்லை. படியெடுக்கும் நிரல் தரவுத்தளத்தின் வடிவத்திற்குப் பொருந்தாத பழைய வடிவினதாகலின் ஒவ்வொரு முறையும் தோல்வியுற்றிருந்தது. அத்தோல்வியை அறிவிக்கும் மின்மடல்களும் உரிய சான்றின்மையால் அஞ்சல் முறையால் மறுக்கப்பட்டு எவர் கைக்கும் எட்டவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன் ஒரு பொறியாளர் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்து வைத்த படியொன்றே அவர்களைக் காத்தது. அந்நிறுவனம் நடந்ததனை ஒளியாது உலகிற்கு எடுத்துரைத்தமையால் பிறரும் பயன்பெற்றனர்.

இதனால் நாம் பெறுவது யாதெனின், படி உண்டென்று எண்ணுதல் வேறு, படி உண்டென்று அறிதல் வேறு என்பதாம். மீட்டுப் பார்த்தலே அவ்வறிவைத் தரும். திங்கட்கு ஒருமுறையேனும் காப்புப் படியிலிருந்து ஒரு கோப்பை வேறோர் உறையில் மீட்டு, திறந்து, படித்துப் பார்த்தல் வேண்டும். பெயர்த்தெழுதிய ஏட்டை மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே பழைய ஏட்டைக் கைவிடுதல் நல்லோர் செயல். ஆண்டிறுதியில் ஆய்வுரையை ஒப்படைக்கவிருக்கும் நம்மனோர், அவ்வொப்புநோக்கலை ஒப்படைக்கும் நாள்வரை ஒத்திப்போடாது இன்றே செய்வாராக.