டேப்லெட்டுக்கு வீட்டு வைத்தியம்!

டேப்லெட் என்றதும் தலைவலி மாத்திரை என்று எண்ணிவிடாதீர்கள், வாசகியரே! பலகை போன்ற மின் கருவியைத்தான் சொல்லுகிறோம். ஆனால், அதற்கும் நோய் வருவதுண்டு. வீட்டு வைத்தியமும் உண்டு.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நமக்குத் தெரிந்த பாட்டியம்மாள் ஒருவர். மூத்த மகனும் பேரனும் பாரிஸில். இது அந்த ஊருக்குப் புதிதல்ல. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே பல உண்டு. கோடையில் இங்கே மாலை ஆறரை மணி என்றால் பாரிஸில் பிற்பகல் மூன்று. ஞாயிறுதோறும் அந்த வேளைக்குப் பாட்டியம்மாள் தலைவாரிப் பூ முடித்து, டேப்லெட்டின் முன் உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் அது ஊஞ்சலிலிருந்து விழுந்தது. அதிலிருந்து ஒரே இருட்டு! பின்புறம் ஒரு மூலையில் விரல் பட்டால் பளிச்சென்று ஒளி. விரலை எடுத்தால் மறுபடி இருட்டு. "செலவழிப்பது வீண், புதிது வாங்குங்கள்" என்று கைவிரித்தார் ஒரு கடைக்காரர். பாட்டியம்மாளின் கண் கலங்கியது. பேரன் நடை பழகிய படங்கள் அதில் மட்டுமல்லவா இருந்தன!

"அத்தை, செத்துப்போன கருவி விரல் பட்டதும் கண் விழிக்குமா? உள்ளே இணைப்புதான் தளர்ந்திருக்கிறது. நான் பார்க்கிறேன்" என்றாள் இளைய மருமகள்.

"பார்த்து அம்மா, கையைச் சுட்டுக்கொள்ளாதே!"

அவள் செய்ததை நீங்களும் கேளுங்கள். முதலில் வேறு சார்ஜரையும் வயரையும் போட்டுப் பார்த்தாள். வாரண்டி முடிந்துவிட்டதா என்று ரசீதைப் பார்த்தாள். பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பின்மூடியின் விளிம்பில் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை நுழைத்து மெல்ல நகர்த்தினாள். கொக்கிகள் 'டிக், டிக்' என்று விட்டுக் கொடுத்தன. கத்தி கூடவே கூடாது! பாட்டரியில் குத்திவிட்டால் தீப்பிடிக்கும். கழற்றிய திருகுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தாள்.

பாட்டரி கனெக்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வேறெதையும் தொடுமுன் அதைப் பிளாஸ்டிக் முனையால் கழற்றினாள். கடலோர ஊரல்லவா? உப்புக் காற்றும் ஈரமும் உலோக முனைகளை அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலரவிட்டாள். திரைக்குப் போகும் ரிப்பன் கேபிளையும் பார்த்தாள். அதை இழுக்கக் கூடாது. பொடித் தாழ்ப்பாள் இருந்தால் அதைத் தூக்கி, ரிப்பனை நேராக உள்ளே தள்ளி, தாழ்ப்பாளை மூட வேண்டும். கடைசியில் பாட்டரி கனெக்டரை நேராக வைத்து அழுத்தினாள். உட்கார்ந்தது!

இது புதிய வைத்தியமல்ல. 2012-இல் வந்த நெக்ஸஸ் 7 சார்ஜ் ஏறாமல் படுத்தபோது, பாட்டரி கனெக்டரைக் கழற்றி மாட்டியே பலர் எழுப்பினார்கள். அதன் மூடி கொக்கியால் நின்றது. அதே ஆண்டின் ஐபேடிலோ கண்ணாடியைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். பழுது பார்க்கும் எளிமைக்கு ஐஃபிக்ஸிட் நிறுவனம் முன்னதற்குப் பத்துக்கு 7 மதிப்பெண்ணும், பின்னதற்கு 2-ம் கொடுத்தது. எனவே, பசை ஒட்டிய கருவியில் கை வைக்காதீர்கள், கண்ணாடி நொறுங்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பாட்டரி அப்பளம் போல் உப்பியிருந்தாலோ கருகல் வாடை வந்தாலோ, அழுத்தவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தாலும் பழுது பார்ப்பவரிடமே கொடுங்கள். "புதிது வாங்கு" என்பதே வேதவாக்கல்ல. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்றே ஒரு வலைத்தளம் தொடங்கியிருக்கிறது.

அந்த ஞாயிறு மாலை ஆறரைக்குத் திரை ஒளிர்ந்தது. "பாட்டி!" என்றது பாரிஸ். பாட்டியம்மாள் பேரனைப் பார்க்கவில்லை. முதலில் மருமகளைத்தான் பார்த்தார். "உன் அண்ணியைக் கும்பிட்டுக்கொள்" என்று சொல்ல வந்து, நாக்குத் தடுமாறி, "சித்தியைக் கும்பிட்டுக்கொள்ளடா!" என்றார்.

பேச்சு முடிந்ததும் மருமகள் செய்த முதல் வேலை, படங்களையெல்லாம் வேறோர் இடத்தில் பிரதி எடுத்ததுதான். உங்கள் வீட்டு டேப்லெட் ஊஞ்சலிலிருந்து விழுமுன் நீங்களும் அதைச் செய்துவிடுங்கள்!