இல்லாத தகவலை எவரும் திருட முடியாது

அறநிறுவனங்களில் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டியது உண்டியல்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஓர் அறநிறுவனத்தின் நன்கொடைப் பிரிவில் வார இறுதிகளில் தொண்டூழியம் செய்யத் தொடங்கிய பிறகு, அதைவிட மதிப்புள்ளது நன்கொடையாளர் பட்டியல் என்பதை உணர்ந்தேன்.

பெயர், முகவரி, கைப்பேசி எண், அடையாள அட்டை எண், கொடுத்த தொகை எல்லாம் அதில் இருக்கும். 'கணவர் நினைவாக அளித்தது' போன்ற குறிப்புகளும் இருக்கும். மோசடிக்காரர் ஒருவர் கையில் அது கிடைத்தால், யார் தனியாக வசிக்கிறார், யார் எந்த அமைப்பை நம்புகிறார் என்று அவர் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த அமைப்பின் பெயரைச் சொல்லி அழைத்தாலே போதும்.

இத்தகைய ஆபத்து உண்மையில் நேர்ந்திருக்கிறது. அறநிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நன்கொடையாளர் தரவுத்தளச் சேவை வழங்கும் அமெரிக்க நிறுவனம் பிளாக்பாட். 2020 பிப்ரவரியில் அதன் கட்டமைப்புக்குள் நுழைந்த ஊடுருவிகள் மே மாதம்வரை பிடிபடவில்லை. 13,000க்கும் மேற்பட்ட அமைப்புகளின் தரவு பாதிக்கப்பட்டது. நகலெடுத்த தரவை அழித்துவிடுவதாக ஊடுருவிகள் சொன்னதை நம்பி நிறுவனம் பிணைத்தொகையும் செலுத்தியது. வங்கி விவரங்கள் எவையும் களவுபோகவில்லை என முதலில் கூறியது. பின்னர், மறையாக்கம் செய்யப்படாத சில வங்கி விவரங்கள் சிக்கியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 2023ல் அமெரிக்க மாநிலங்களுடன் 49.5 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொரு தகவல். முன்னாள் வாடிக்கையாளர்களின் தரவைக்கூடத் தேவையின்றிப் பல ஆண்டுகள் அந்நிறுவனம் வைத்திருந்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024ல் குறை கூறியது. உரிய நேரத்தில் அழித்திருந்தால், அந்தத் தரவு திருடுபோக வாய்ப்பே இருந்திருக்காது.

சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல், சட்டப்படி தேவைப்படும்போதோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியபோதோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக்கூடாது. அப்படியானால் அறநிறுவனங்கள் ஏன் கேட்கின்றன? நன்றி கூற நான் அழைத்த ஒரு பாட்டியும் இதையே கேட்டார்.

"ஏன் தம்பி, பத்து வெள்ளி கொடுக்கிறதுக்கு ஐசி நம்பர் எதுக்கு?"

தகுதிபெற்ற பொதுநல அமைப்புக்கு நன்கொடை அளித்தால், அத்தொகையைப்போல் இரண்டரை மடங்கு நம் வருமானத்திலிருந்து கழிக்கப்பட்டு, எஞ்சியதற்கே வரி கணக்கிடப்படும். அதற்காக அமைப்புகள் நன்கொடை விவரத்தை அடையாள எண்ணுடன் உள்நாட்டு வருவாய் ஆணையத்திற்கு அனுப்புகின்றன. வரிக்கழிவு வேண்டாதவர் எண்ணைத் தர வேண்டியதில்லை. இதை விளக்கியதும் அவர் சிரித்தார்.

"நான் வேலைக்கே போறதில்லை. எனக்கு எதுக்குப்பா வரிக்கழிவு?"

அவர் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. எந்த ஊடுருவியாலும் அந்த எண்ணை எங்களிடமிருந்து எடுக்க முடியாது.

எங்கள் அமைப்பில் பின்பற்றப்படும் வேறு சில நடைமுறைகளும் எளியவை. அழைப்பு விடுக்கும் எனக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே திரையில் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனி மறைச்சொல் உண்டு. தொண்டூழியர் விலகினால் அன்றே அவரது கணக்கு மூடப்படும். கணக்கு ஆவணங்களைச் சட்டப்படி ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். தேவை முடிந்த தனிநபர் விவரங்கள் நீக்கப்படும்.

பள்ளியிலும் கல்லூரியிலும் நிதி திரட்டும் நாமும் இதே பொறுப்பைச் சுமக்கிறோம். கூகல் படிவத்தில் பிறந்த தேதியையும் முகவரியையும் வழக்கம்போல் சேர்த்துவிடுகிறோம். இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறக்கக்கூடிய விரிதாளை வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறோம். நிகழ்ச்சி முடிந்து பொறுப்பாளர்கள் மாறிய பிறகும் அது அப்படியே கிடக்கிறது.

அடுத்த படிவத்தைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் நேரே, பதில் யாருக்குத் தேவை, எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.