கோலத்தின் நீளம் எவ்வளவு?

சென்ற பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்கள் மேடையின் கறுப்புத் திரையில் ஒளிர்ந்த விளக்குக் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். நாலு இதழ்களில் மூன்றுதான் எரிந்தன. நாலாவது வெறும் சாக்பீஸ் கோடு. "புது மாதிரி அலங்காரமாக இருக்கிறதே" என்று இரண்டொருவர் பாராட்டவும் செய்தார்கள். அலங்காரமும் இல்லை, ஒன்றும் இல்லை. பத்து மீட்டர் விளக்குக் கயிறு போதும் என்று கணக்குப் போட்டவன் நான். அது பத்தவில்லை.

கோலம் என் அம்மாவுடையது. எங்களுக்குச் சித்தூர் மாவட்டம் கங்காதர நெல்லூர். வெறுமனே நெல்லூர் என்றால் கடலோரத்து நெல்லூரை நினைத்துக் கொள்வார்கள் என்பதால் ஜி.டி. நெல்லூர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் உருவானது. அதற்கு முன் எங்கள் பக்கம் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. ஆகவே வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நாங்கள் சிக்குக் கோலம் என்பதைப் பக்கத்து வீட்டில் மெலிக முக்கு என்பார்கள். பெயர்தான் வேறு, புள்ளியும் கோடும் ஒன்றுதான்.

அம்மாவுக்கு இப்போது முட்டி மடக்க முடியாது. குனிந்து கோலம் போட்டு நாலைந்து வருஷம் ஆகிறது. இங்கே வந்திருந்தபோது, "உன் சங்கத்துக்கு ஒரு கோலம் போட்டுத் தரேன், ஆனா காகிதத்துலதான்" என்றார். அதை விளக்குக் கயிற்றால் பெரிதாகச் செய்து திரையில் கட்டலாம் என்ற யோசனை என்னுடையது.

ஐந்தே புள்ளிகள். நடுவில் ஒன்று, நாலு திசையிலும் ஒவ்வொன்று. கையெடுக்காமல் போடும் ஒரே கோடு நடுப்புள்ளியைச் சதுரமாகச் சுற்றி, மற்ற நாலையும் இதழாக வளைத்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். காகிதத்தில் புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ. திரையில் 1 மீட்டர். அதாவது 50 மடங்கு.

அதை இங்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகலை மென்பொருளில் வரைந்தேன். அதில் அளவுகோல் படம் போட்ட ஒரு கருவி உண்டு. இழுத்தால் இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லும். திரை அளவில் ஓர் இதழின் அடியிலிருந்து நுனிக்கு 85 செ.மீ. போக வர 1.71 மீட்டர். நாலு இதழுக்கு 6.83. நடுச்சதுரத்துக்கு 2.83. ஆக மொத்தம் 9.66 மீட்டர். பத்து மீட்டர் சுருள் ஒன்றை வாங்கிவிட்டேன். மிச்சம்கூட வரும் என்று பெருமை வேறு!

விழாவுக்கு முந்தின இரவு கட்ட ஆரம்பித்தோம். மூன்று இதழ் முடிந்தபோது கயிறும் முடிந்தது. அதே மாதிரிக் கயிறு கிடைக்க மூன்று நாளாகும் என்றார் கடைக்காரர்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, தான் வரைந்த காகிதத்தில் கோட்டின் மேலேயே நகத்தால் ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டு போனார். சுற்றி முடித்ததும் நூலை நிமிர்த்தி ஸ்கேலில் வைத்தார். இருபத்து நாலரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 50-ஆல் பெருக்கினால் பன்னிரண்டே கால் மீட்டர். "இது கடைக்குப் போறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமேடா" என்றார்.

பிறகு கணக்காகவே போட்டுப் பார்த்தேன். நடுச்சதுரத்தில் நான் சொன்னது சரி; அங்கே நேர்கோடுதான். இதழ்தான் என்னை ஏமாற்றியது. அது போக ஒரு கோடு, வர ஒரு கோடு அல்ல. முக்கால் வட்டம் வளைந்து திரும்புகிறது. ஒவ்வொன்றும் 2.37 மீட்டர். மொத்தம் 12.32. பத்தைக் கழித்தால் ஏறக்குறைய ஓர் இதழ்!

வளைவை நேர்கோட்டால் அளந்தால் விடை எப்போதும் குறைவாகத்தான் வரும், ஒருபோதும் கூடாது. 1 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்துக்குள் சதுரம் போட்டால் அதன் சுற்று 283 செ.மீ. எட்டுப் பக்கம் என்றால் 306, பதினாறு என்றால் 312. உண்மையான சுற்றளவு 314.16. ஆர்க்கிமிடீஸ் 96 பக்கம் வரை போனார்.

வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டர் செய்வதும் இதையேதான். இந்த மென்பொருள்களில் உள்ள வளைவுகளுக்கு பெஸியே வளைவு என்று பெயர். பிரான்ஸில் ரெனோ கார் கம்பெனியின் பியர் பெஸியேயும், சிட்ரோயன் கம்பெனியின் பால் த காஸ்டல்ஜோவும் கார் உடம்பின் வளைவுகளுக்காகத் தனித்தனியே கண்டவை. ஒரு சில எண்களில் அடங்கும் வளைவு. ஆனால் அதன் நீளத்தைச் சொல்லப் பொதுவாக எளிய சூத்திரம் கிடையாது. ஆகவே மென்பொருள் அதைப் பொடிப் பொடியாக நறுக்கி, துண்டுகளைக் கூட்டிச் சொல்கிறது. அம்மாவின் நகம் செய்த வேலைதான். (கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் புதிதல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் சேர்ந்தவர்களும் 1970-களிலேயே கோலங்களுக்கு இலக்கணம் எழுதினார்கள்.)

சித்திரைப் பிறப்புக்கு யாரேனும் இப்படிச் செய்ய நினைத்தால், அளவுகோல் கருவியைத் தொடாதீர்கள். கோட்டைத் தேர்ந்துகொண்டு 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பட்டியலில் 'விஷுவலைஸ் பாத்' என்பதற்குள் 'மெஷர் பாத்' என்பதை அழுத்துங்கள். வட்டமாக வரைந்திருந்தால் முதலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்துவிட வேண்டும். அலகை மறக்காமல் பாருங்கள்; எத்தனை மடங்கு என்பதைப் போடவும் அங்கேயே இடமுண்டு. கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் கோட்டின் நீளத்தைக் காட்டும் வசதி அவற்றில் உண்டு. கயிற்றைக் குறியிட்ட இடத்தில்தான் வெட்ட முடியும் என்பதால், வந்த விடைக்கு மேல் ஒரு மீட்டராவது கூட வாங்குங்கள்.

அந்த இரவு சாக்பீஸ் கேட்டதும் அம்மாதான். திரையைக் கழற்றி மேஜைமேல் விரித்துப் போட்டோம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அளக்காமல், ஒரே இழுப்பில் நாலாவது இதழைப் போட்டார். கோடு மூன்றாவது இதழில் கயிறு நின்ற இடத்தில் சரியாகப் போய்ச் சேர்ந்தது.