நிரல் சுருக்கியும் தேக்காவின் பெயரும்

கணிப்பொறிக்கு மனிதர் எழுதித் தரும் ஆணைத் தொகுப்பு நிரல் எனப்படும். அதனைப் படிப்பது இயந்திரம் மட்டுமன்று. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்போது சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ சியன் லூங், சுடோக்குப் புதிரை விடுவிக்கத் தாம் எழுதிய நிரலை ஃபேஸ்புக்கில் வெளியிட்டார். நாட்டின் தலைவர் எப்படி நிரல் எழுதுகிறார் என்று பலர் ஆவலோடு படித்தனர். அது சி பிளஸ் பிளஸ் மொழியில் ஆனது. அம்மொழியில் எழுதிய நிரல் முதலில் இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டே இயங்கும். அம்மாற்றத்திலேயே இடைவெளிகளும் விளக்கக் குறிப்புகளும் உதிர்ந்துவிடும்.

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டின் நிலை வேறு. அங்கே எழுதியது எழுதியபடியே படிப்பவரின் கைப்பேசிக்குப் பயணமாகிறது. 'இவ்வரியை மாற்றாதீர்' என்று உடன் பணியாற்றுபவருக்கு எழுதிய குறிப்புங்கூடக் கூடவே போகும். இந்த வீண் சுமையைக் களையத் தோன்றியவையே சுருக்கிகள்.

இவற்றுள் முன்னோடி, அமெரிக்கரான டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2000களின் தொடக்கத்தில் எழுதிய ஜேஎஸ்மின். சில நூறு வரிகளே கொண்ட இச்சிறு கருவிக்குச் சாளரமும் இல்லை, பொத்தானும் இல்லை. கட்டளை வரியில் அழைத்தால் ஒருபுறம் கோப்பை வாங்கி மறுபுறம் சலித்துத் தரும். குறிப்புகளையும் வேண்டாத இடைவெளிகளையும் நீக்குவதோடு அது நின்றுகொள்ளும். பின்வந்தவை அத்தோடு விடவில்லை. டெர்சர், 2020இல் வெளிவந்த இஎஸ்பில்டு முதலியன, நிரலாளர் பொருள்படச் சூட்டிய நீண்ட பெயர்களையும் ஒற்றை எழுத்தாக்கிவிடுகின்றன. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் சுருங்கிய கோப்பிலிருந்து பழைய பெயர்களை மீட்க வழியில்லை. ஆதலின் மூலத்தைப் பத்திரப்படுத்தாமல் சுருக்குவது அறிவுடைமை ஆகாது.

மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்களின் பொருளில் இக்கருவிகள் கை வைப்பதில்லை. தமிழுக்குச் சங்கடம் நேர்வது, விந்தையாக, அவ்விடத்தில்தான்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் பெயரைப் பல மொழிகளில் பார்க்கிறோம். அதுபோல் தேக்கா என்னும் பெயரை ஓர் இணையப் பக்கத்தில் எழுதுவதாகக் கொள்வோம். ஆங்கிலத்தில் 5 பைட்டு போதும். சீனத்தில் இரண்டே எழுத்து, 6 பைட்டு. தமிழில் நம் கண்ணுக்குத் தெரிபவை தே, க், கா என்னும் மூன்று எழுத்துகளே. யூனிகோடோ அதனைத் தகரம், ஏகாரக் குறி, ககரம், புள்ளி, ககரம், கால் என்று ஆறாகப் பிரித்து வைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டாக, மொத்தம் 18.

இதை இஎஸ்பில்டிடம் கொடுத்தால் என்ன ஆகும்? வேறு கட்டளை இல்லாதவரை அது ஆங்கில எழுத்து வரிசைக்குள்ளேயே விடை தரும். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஆறு எழுத்துள்ள எண்வடிவம் ஒன்றை இடும். 18 என்பது 36 ஆகிறது! சுருக்க வந்த கருவி இரட்டிப்பாக்கிவிட்டது. குறும்பு ஒன்றும் இல்லை. குறிமுறை இன்னதென்று அறிவிக்காத பக்கங்களில் எழுத்து சிதையாதிருக்கச் செய்த முன்னெச்சரிக்கை அது. எழுத்துத் தொகுதி யூடிஎஃப்-8 எனக் கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் மீண்டும் 18 ஆகிவிடும். அச்சொல்லைச் சேர்க்கவேண்டும் என்று அறிந்தவர் யார் என்பதே கேள்வி. ஜிசிப் முறையில் மீண்டும் அழுத்தி அனுப்பும்போது வழிச்சுமை பெரிதும் குறையும் என்பது உண்மையே. எனினும் பிரித்தபின் கைப்பேசி படிக்கவேண்டியது முழு நீளத்தையும்.

இதைவிடச் சிக்கனமான முறையும் ஒரு காலத்தில் இருந்தது. நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடைபெற்றது. அதனையடுத்து உருவான திஸ்கி குறியீட்டில் தேக்கா ஐந்தே பைட்டு, ஆங்கிலத்துக்குச் சமம். ஆயினும் உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அது பொருளற்ற குறிகளாகவே தோன்றும். யூனிகோடு கூடுதல் இடம் கேட்டாலும், எங்கும் தமிழாகவே தெரிகிறது.

நிரல் பயிலும் மாணவர்க்கு ஒரு சலுகை இதில் உண்டு. தமிழில் குறிப்பெழுதினால் கோப்பு பருத்துவிடுமே என்று அஞ்ச வேண்டுவதில்லை. எத்தனை பக்கம் எழுதினாலும் சுருக்கி அதனை வாசலிலேயே நிறுத்திவிடும். ஜாவாஸ்கிரிப்டு தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். ஓரிடத்துக்குள் மட்டும் வழங்கும் பெயர்களாயின் அவையும் ஓரெழுத்தாகிவிடும். உரிமம் பற்றிய குறிப்பு மட்டும் விலக்கு. வியப்புக்குறியோடு தொடங்கும் குறிப்பைப் பல சுருக்கிகள் தொடுவதில்லை.