ஹஜ்ஜும் கடுங்கோடையும்

ஹிஜ்ரி 1445ஆம் ஆண்டின் ஹஜ், 2024 ஜூன் மாத நடுவில் அமைந்தது. ஜூன் 17 அன்று மக்காவின் புனிதப் பள்ளியில் வெப்பநிலை 51.8 டிகிரி செல்சியஸை எட்டியது. அவ்வாண்டு ஹஜ்ஜின்போது 1,301 பேர் இறந்தனர் எனச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 விழுக்காட்டினர் உரிய அனுமதியின்றி வந்தவர்கள். நிழலும் ஓய்வுமின்றி நெடுந்தொலைவு வெயிலில் நடந்தவர்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக் கொள்வானாக!

வெப்பம் எவ்வாறு கொல்கிறது?

நம் உடல் தன் வெப்பத்தை 37 டிகிரி அளவில் காத்துக் கொள்கிறது. வெளியே அனல் கூடும்போது வியர்வை சுரந்து, அது ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அப்போது தோலுக்கு மேலும் இரத்தத்தை அனுப்ப இதயம் கடுமையாக உழைக்கிறது. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறும்; சிறுநீரகம் பழுதுபடும். முதியோருக்குத் தாக உணர்வு குறைவு. இரத்த அழுத்தத்திற்கென நீர் பிரிக்கும் மாத்திரை உண்போருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இடைவேளையும் எச்சரிக்கையும்

சந்திர ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. ஆதலால் ஹஜ் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2025 ஜூன் மாத ஹஜ்ஜிற்குப் பின் அது வசந்த காலத்திற்கும், பின்னர் குளிர்காலத்திற்கும் செல்கிறது. 2050 அளவில் மீண்டும் கடுங்கோடை. ஆனால் அது இன்றைய கோடையாக இராது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் சேரும் கரியமில வாயு புவியைச் சூடேற்றி வருகிறது. 2047 முதல் 2052 வரையிலும், 2079 முதல் 2086 வரையிலும் ஹஜ் காலத்தின் வெப்பமும் ஈரமும் மிகுந்த அபாய எல்லையைக் கடக்கும் நாள்கள் பெருகும் என அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2019இல் கணித்துள்ளனர்.

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைகளை வளர்த்து, பெண் மக்களுக்கு நிக்காஹ் முடித்து, அறுபது வயதில் ஹஜ் என்பது நம் குடும்பங்களில் ஊறிய வழக்கம். இன்று முப்பத்தைந்து வயதில் இருப்பவர் அவ்வாறே காத்திருந்தால், 2050ஆம் ஆண்டின் அனலில், தளர்ந்த உடலோடு அரஃபாத்தில் நிற்பார். வசதியும் உடல்நலமும் உள்ளோர், பருவம் இதமாக இருக்கும் வரும் ஆண்டுகளிலேயே கடமையை நிறைவேற்றுவது நலம்.

ஏற்பாடுகளால் உயிரிழப்பைக் குறைக்க இயலும். மினாவில் குளிரூட்டப்பட்ட கூடாரங்களும், அரஃபாத்தில் நீர்த்துளி தெளிக்கும் கம்பங்களும் உள்ளன. அனுமதியின்றிச் செல்வோர் கூடார வசதியை இழக்கின்றனர். எனவே குறைந்த கட்டணம் என ஆசை காட்டும் இடைத்தரகரை நம்பி, உரிய ஹஜ் விசா இன்றிப் பெற்றோரை அனுப்பாதீர்கள்.

பயணத்திற்கு முன் மருத்துவரிடம் மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். குடையும் தண்ணீரும் எப்போதும் கையில் இருக்கட்டும். நண்பகலில் கல்லெறியச் செல்வதைத் தவிருங்கள். இயலாதோர் சார்பாக வேறொருவர் எறிய மார்க்கம் இடமளிக்கிறது. ஒருவர் குழறிப் பேசினாலோ மயங்கினாலோ நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, உடனே மருத்துவ உதவியை அழையுங்கள்.

சக்தி பெற்றோர் மீதே ஹஜ் கடமை. பொருளும் வழித்துணையும் போல, உடல்நலமும் அச்சக்தியில் அடங்கும்.