மோட்டார் சைக்கிளில் காற்று அலைப்பும் காற்றுத்தடுப்பும்

காற்று அலைப்பு என்பது ஓடும் மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலையையும் தோளையும் ஒழுங்கற்ற காற்றுச் சுழல்கள் மாறி மாறித் தாக்கி உலுக்கும் நிலையாகும். எதிர்க்காற்று நெஞ்சில் ஒரே சீராக அழுத்துவது வேறு, இது வேறு. சீரான அழுத்தத்திற்கு உடல் சற்று முன்சாய்ந்து ஈடுகொடுத்துவிடும். அலைப்பில் ஹெல்மெட் இடமும் வலமுமாக ஆடும். சாலை கண்ணுக்கு மங்கலாகும். காதில் இரைச்சல் ஓயாது. இதைக் குறைப்பதற்காக ஹெட்லைட்டுக்கு மேலே பொருத்தப்படும் ஒளிபுகும் தகடு காற்றுத்தடுப்பு ஆகும். கடைகளில் இது விண்ட்ஷீல்டு என்றும், சிறியதாக இருந்தால் வைசர் என்றும் கேட்டு வாங்கப்படுகிறது. காற்றைத் தடுக்க வைத்த தகடே பல வண்டிகளில் அலைப்புக்குக் காரணமாகவும் அமைகிறது.

சிந்தாதிரிப்பேட்டை வட்டாரமும் வைசர் வணிகமும்

சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர் குடியிருப்பாக உருவானது. கூவம் ஆறு வளைந்து செல்லும் அந்தப் பகுதியில் தறிகள் மறைந்து நெடுங்காலமாகிறது. ஆற்றின் மறுகரையிலுள்ள புதுப்பேட்டை இன்று பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர் பெற்றது. அண்ணா சாலைக்கு அப்பால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வண்டிகளுக்கான புதிய துணைப்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. இரண்டுக்கும் இடையே சிந்தாதிரிப்பேட்டை அமைந்திருப்பதால், வண்டிக்கு ஏதேனும் மாட்ட நினைக்கும் சென்னைக்காரர் இந்த வட்டாரத்தைச் சுற்றாமல் இருப்பது அரிது.

வாங்குவோரின் சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. இந்தத் தெருக்களில் வண்டி மணிக்கு 20 கி.மீ. வேகத்தைத் தாண்டுவதே கடினம். அந்த வேகத்தில் எந்தத் தகடும் நன்றாகவே இருக்கும். கடை வாசலில் ஏறி உட்கார்ந்து பார்த்து, உயரமாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று பணம் கொடுத்து மாட்டிக்கொண்டு போனவருக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகே தலை ஆடத் தொடங்குகிறது. திரும்பி வந்தால் துளையிட்டு மாட்டிய பொருளைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

காற்றின் அழுத்தம்

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் மேலுடல் காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறக்குறைய 0.4 சதுர மீட்டர் என்று கொண்டு, சென்னையின் வெப்பநிலைக்குரிய காற்றடர்த்தியில் கணக்கிட்டால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நான்கரை கிலோ எடை நெஞ்சில் சாய்வதற்கு ஒப்பான விசை கிடைக்கிறது. நான்கு வழிச்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமான 80 கி.மீ.யில் இது சுமார் 12 கிலோ ஆகிறது. அதே வேகத்தில் செல்லும்போது 25 கி.மீ. எதிர்க்காற்றும் வீசினால் விசை 20 கிலோவை எட்டும். வேகமானியில் மாற்றம் இல்லாமலே கழுத்து வலிப்பது இதனால்தான்.

நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்குக் காற்றுத்தடுப்பு தேவையில்லை என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது. சித்திரை வெயிலில் நெஞ்சில் படும் காற்றே அவருக்குக் கிடைக்கும் ஒரே குளிர்ச்சி.

சுழல்கள் உருவாகும் விதம்

தகட்டின் முன்பக்கத்தில் மோதும் காற்று அதன் விளிம்பை நோக்கி வழுக்கிச் சென்று, விளிம்பைத் தாண்டியதும் தகட்டை விட்டுப் பிரிகிறது. தகட்டின் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பை போன்ற வெளி உண்டாகிறது. வெளியே வேகமாக ஓடும் காற்றும் உள்ளே ஏறத்தாழ நின்றிருக்கும் காற்றும் உரசும் எல்லையில் சுழல்கள் பிறக்கின்றன. ஆற்றில் பாலத் தூணுக்குப் பின்னால் நீர் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இச்சுழல்கள் இருபுறமும் மாறி மாறிக் கழன்று செல்வதை 1911இல் தியோடர் வான் கார்மான் கணித முறையில் விளக்கினார். அவை எவ்வளவு அடிக்கடி கழல்கின்றன என்பதை மதிப்பிட, செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹாலின் பெயரைத் தாங்கிய எண் பயன்படுகிறது. அதன்படி 40 செ.மீ. அகலத் தகட்டிலிருந்து 80 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 11 சுழல்கள் கழலும். ஹெல்மெட்டின் மீது விநாடிக்குப் பத்துக்கு மேற்பட்ட சிறு அறைகள் விழுகின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆகவே தலை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. எல்லைக்கு மேலே இருந்தால் தலையில் தெளிந்த காற்று படும். விசை அதிகம், ஆட்டம் குறைவு. எல்லைக்கு நன்கு கீழே, பைக்குள் இருந்தால் அமைதி. எல்லையின் மீதே ஹெல்மெட் இருந்தால்தான் அலைப்பு. குட்டையான வைசரை எடுத்துவிட்டு நடுத்தர உயரத் தகடு மாட்டியவர்கள் பலரும் செய்வது, அதுவரை தோளில் பட்டுக்கொண்டிருந்த சுழலைத் தூக்கி ஹெல்மெட்டில் விடுவதே. ஒருவருக்கு மிக நன்றாகப் பொருந்திய தகடு அவருடைய உயரமான நண்பருக்குப் பொருந்தாமல் போவதும் இதே காரணத்தால்தான். இணையத்தில் ஒரே தகட்டைப் பற்றிப் புகழ்ச்சியும் வசையும் சேர்ந்தே வருவதில் வியப்பில்லை. எழுதுபவர்களின் உயரம் அங்கே குறிப்பிடப்படுவதில்லை.

தகட்டின் பின்னுள்ள தாழ் அழுத்தமும் தனித் தொல்லை தரும். அது பக்கங்களிலிருந்தும், ஃபோர்க்குக்கும் பெட்ரோல் டேங்குக்கும் இடையிலிருந்தும் காற்றை மேலே இழுக்கிறது. நெஞ்சுக்குக் கீழிருந்து காற்று எழும்பி மோவாயின் அடியில் அடித்தால், தகட்டை மாற்றுவதால் பயன் இல்லை. ஃபோர்க்கின் இருபுறமும் சிறு மடல்கள் வைத்து அந்த வழியை அடைப்பதே தீர்வு. சில தகடுகளின் அடியில் ஒரு பிளவு விடப்பட்டிருக்கும். அதன் வழியே கொஞ்சம் காற்று உள்ளே நுழைந்து அழுத்த வேறுபாட்டைக் குறைக்கிறது. அது குறைபாடு என்று நினைத்து அடைத்துவிடுபவர்களும் உண்டு.

காதுக்கு வரும் கேடு

கழுத்து வலி வீடு சேர்ந்ததும் ஆறிவிடும்; காது அப்படியல்ல. மோட்டார் சைக்கிளில் காதைக் கெடுப்பது பெரும்பாலும் சைலன்சர் ஓசை அன்று, ஹெல்மெட்டைச் சுற்றி எழும் காற்றிரைச்சலே. 80 கி.மீ. வேகத்தில் அது ஹெல்மெட்டுக்குள் 90 டெசிபலை எட்டிவிடக்கூடியது. அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 85 டெசிபல் இரைச்சலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரையில் மட்டும் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் ஒரு மணி. சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி ஏறக்குறைய 150 கி.மீ.; நின்று நின்று போனாலும் மூன்று மணி நேரம் ஆகும். ஒரே பயணத்திலேயே வரம்பு கடந்துவிடுகிறது. பயணம் முடிந்த இரவில் காதில் 'ஙொய்' என்று கேட்பது அதன் அடையாளம்.

சுழல் எல்லை நேராக ஹெல்மெட்டில் விழும்படி அமைந்த தகடு, தகடே இல்லாத வண்டியைவிடக் கூடுதல் இரைச்சலைத் தரலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் மெத்தென்ற நுரை அடைப்பான் காதுக்குப் பெருமளவு பாதுகாப்பு அளிக்கிறது. காற்றுத்தடுப்புக்குச் செலவிடும் பணத்தில் மிகச் சிறு பகுதிதான் அதற்கு ஆகும் என்பதால், முதலில் அதை வாங்குவதே முறை. தளர்ந்த ஹெல்மெட்டும் அலைப்பைப் பெரிதாக்கும். ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள, கன்னத்தை இறுகப் பிடிக்கும் ஹெல்மெட்டை வாரை இறுக்கி அணிந்தபின் எஞ்சுவதே உண்மையான அலைப்பு. வெயில் மறைக்கும் கூரை நீட்டிய ஹெல்மெட் காற்றை வாரிப் பிடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் சோதனை

தேர்வுக்கு உதவும் சோதனை எளியது. வண்டிகள் குறைந்த நேரான சாலையில், அலைப்பு தெரியும் வேகத்தில் சீராகச் செல்லும்போது, ஓட்டுபவர் கால்தாங்கியில் ஊன்றி இருக்கையிலிருந்து மெல்ல எழ வேண்டும். ஐந்து, பத்து செ.மீ. எழுந்ததும் ஆட்டம் நின்று தெளிந்த காற்று பட்டால், அவருக்குத் தேவை இன்னும் தாழ்ந்த தகடு. மாறாக, உடலைச் சுருக்கித் தலையைத் தாழ்த்தும்போது அமைதி கிடைத்தால் உயரமான தகடு உதவும். எவ்வளவு தாழ்த்த வேண்டியிருந்ததோ ஏறக்குறைய அவ்வளவே கூடுதல் உயரம். தோள்கள் மட்டும் உலுக்கப்பட்டால் குறை உயரத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது.

இடக்கையைத் தகட்டின் பின்னால் வைத்து மெதுவாக மேலே கொண்டுசென்றால், அமைதியான வெளி எங்கே முடிகிறது, நடுக்கம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கையாலேயே உணரலாம். வலக்கை ஆக்ஸிலரேட்டரை விட்டு வரக்கூடாது. பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்த பிறகே எதையும் செய்ய வேண்டும். தகடு ஏற்கெனவே இருக்குமானால் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு முறை அதே சாலையில் போய் வருவது மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவான விடை தரும். கழற்றியதும் ஆட்டம் மறைந்தால் குற்றவாளி தகடே.

இச்சோதனைக்குப் பிறகு கடைக்குச் செல்பவர், 'பெரிய வைசர் இருக்கிறதா' என்று கேட்க வேண்டியதில்லை, இத்தனை செ.மீ. கூட வேண்டும் அல்லது குறைய வேண்டும் என்று கேட்கலாம். பல நேரங்களில் புதிதாக எதுவும் வாங்காமலே, இருக்கும் தகட்டின் சாய்வைச் சற்று மாற்றினாலோ, மேல் விளிம்பில் கிளாம்ப் வைத்து மாட்டும் சிறு மடலைச் சேர்த்தாலோ சுழல் எல்லை தலைக்கு மேலே ஏறிவிடும்.

உயரத்திற்கு ஓர் எல்லை உண்டு. தகட்டின் மேல்விளிம்பு மூக்கின் மட்டத்தையோ மோவாயின் மட்டத்தையோ தாண்டாமல், சாலையை அதன் மேலாகப் பார்க்கும்படி அமைவதே நல்லது. காற்று விளிம்பைத் தாண்டியும் மேலெழுந்தே செல்வதால் தலை மறைய இந்த உயரம் போதும். தகட்டின் ஊடாகப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தால், ஐப்பசி மழை இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு ஒவ்வொரு நீர்த்துளியிலும் சிதறி, சாலையே தெரியாமல் போகும். காரைப் போல் இதைத் துடைக்க வைப்பர் கிடையாது.

பக்கக்காற்று

கடற்கரைச் சாலையில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. மாமல்லபுரம் நோக்கித் தெற்கே போகிறவருக்கு அது இடப்பக்கம் அடிக்கும். 80 கி.மீ. வேகத்தில் 25 கி.மீ. பக்கக்காற்று சேர்ந்தால், ஓட்டுபவரின் மேல் விழும் காற்று நேர் எதிரிலிருந்து 17 பாகை விலகி வருகிறது. தகட்டின் ஒரு பக்கம் சுழல் உள்ளே புகும். ஹேண்டில்பாரில் பொருத்திய அகலத் தகடானால் அக்காற்று நேராகத் திருப்பலையே பிடித்துத் தள்ளும். வண்டியின் சட்டத்தில் பொருத்திய தகட்டில் இந்தத் தொல்லை குறைவு. லாரியை முந்தும் நொடியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

பந்தய உலகம் இதை முன்பே பட்டுணர்ந்தது. 1950களில் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய பெரிய கவசங்கள் வேகத்தைக் கூட்டினாலும், பக்கக்காற்றில் வண்டியைத் தடுமாறச் செய்ததால் 1957ஆம் ஆண்டுப் பந்தயங்களுடன் விலக்கப்பட்டன. 1976இல் பி.எம்.டபிள்யூ. வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் கவசம் இத்தாலியின் பினின்ஃபாரினா காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கப்பட்டது. திருவொற்றியூரில் 1950களின் நடுவில் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையின் புல்லட், தகடு இல்லாத வண்டியாகவே பல பத்தாண்டுகள் ஓடியது. அதே நிறுவனத்தின் ஹிமாலயன் 2016இல் சிறு காற்றுத்தடுப்புடனே வெளிவந்தது. வண்டியை உருவாக்கியவரே அளந்து தரும் தகடு இருக்குமானால் அதை முதலில் பார்ப்பது வீண் செலவைத் தவிர்க்கும்.

பொருளும் பராமரிப்பும்

தகடுகள் பெரும்பாலும் அக்ரிலிக், பாலிகார்பனேட் ஆகிய இரண்டில் ஒன்றால் ஆனவை. அக்ரிலிக் தெளிவானது, எளிதில் கீறாது, ஆனால் அடிபட்டால் கூர்மையாக உடையும். பாலிகார்பனேட் கல் தெறித்தாலும் உடையாது. மேற்பூச்சு இல்லையென்றால் சீக்கிரம் கீறிவிடும். விழும்போது முகத்துக்கு நேரே இருக்கும் பொருள் என்பதால் உடையாத தகடே மேல். புதுப்பேட்டையில் பழைய தகடு வாங்குபவர்கள் திருகு துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் உள்ளனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். காற்றின் நடுக்கம் முழுவதும் அந்தத் துளைகளில்தான் இறங்குகிறது. பொருத்தும்போது ரப்பர் வாஷர் வைத்து அளவாக முடுக்க வேண்டும். இரும்புத் தகட்டை முறுக்குவதுபோல் முறுக்கினால் வெடிப்பு அன்றே தொடங்கும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஒயர், கேபிள், டேங்க் எதிலும் தகடு இடிக்கவில்லை என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். கடையில் பார்க்க முடிந்த ஒரே சோதனை அதுதான்.

பெட்ரோல் பட்டாலும், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டாலும் பாலிகார்பனேட் நாளடைவில் வெடிக்கும். கடற்கரைச் சாலையில் போய் வந்த தகட்டில் உப்பும் மணலும் பூச்சிகளும் ஒட்டியிருக்கும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் மணலே அரம்போல் கீறும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போர்த்திவைத்து, ஊறியபின் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவது போதுமானது.